பேரு தெரியாத ஹோட்டலுக்கு பணம் கட்டுறது: ப்ரைஸ்லைன், ஹாட்வயர் பத்தி ஒரு பழைய கஸ்டமரோட ரிவ்யூ

ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கும் ரெண்டு வாரம் முன்னாடி எங்க நியூஜெர்சி எடிசன் வாட்ஸப் குரூப்ல யாராச்சும் ஒருத்தர் கேட்டுடுவாங்க, "பாஸ், நயாகரா போறோம், ஹோட்டல் எல்லாம் ஆனை வெல குதிரை வெல சொல்றான், நீங்க மட்டும் எப்படி எப்பவும் சீப்பா புடிக்கிறீங்க?"ன்னு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதனால ஒரே தடவையா எழுதி வச்சுடுறேன், இனிமே யாரு கேட்டாலும் இத ஃபார்வர்ட் பண்ணிட்டு நான் பாட்டுக்கு தூங்கப் போறேன்.

முதல்ல பழைய கதை, ஏன்னா அது தெரியலைன்னா இப்ப இருக்குறது எதுக்கு இப்படி இருக்குன்னு புரியாது. 2011 ஜனவரி, நான் அமெரிக்காவுக்கு ஆன்சைட் வேலையா வந்து நாலு மாசம், வீட்டுக்காரம்மா அப்பதான் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, சிகாகோ டவுன்டவுன்ல ஒரு ராத்திரியாவது தங்கணும்னு ஆசை. ஆத்தோரமா இருக்குற ஹோட்டல் எல்லாம் அவனுங்க சொந்த சைட்ல 160 டாலருக்கு கொறையல. டாலர ரூபாயா மாத்தி மாத்தி கணக்குப் போட்டு பயந்துட்டு இருந்த காலம் அது. ஆபீஸ்ல பக்கத்து சீட் தெலுங்குப் பையன் ஒருத்தன் தான் ப்ரைஸ்லைன்ங்குற ஹோட்டல் புக்கிங் சைட்ல பிட் போடுறது, அதாவது ஏலம் மாதிரி நம்மளே வெல கேக்குறது, எப்படின்னு சொல்லிக் குடுத்தான். ஊர செலக்ட் பண்ணு, ஊருக்குள்ள எந்த ஏரியான்னு டிக் பண்ணு, எத்தன ஸ்டார்னு சொல்லு, அப்புறம் நீ எவ்ளோ தருவேன்னு நீயே ஒரு வெல எழுது, கிரெடிட் கார்டு நம்பரக் குடுத்துட்டு பட்டன அமுக்கு, அவ்ளோதான். எந்த ஹோட்டல்னு சொல்ல மாட்டாங்க. ஏதாவது ஒரு ஹோட்டல் அந்த வெலைக்கு ஒத்துக்கிச்சுன்னா அந்த நிமிஷமே கார்டுல பணம் போயிடும், அதுக்கப்புறம் தான் பேரு வரும். திருப்பித் தர மாட்டாங்க, தேதி மாத்த முடியாது.

50 டாலர் போட்டேன், இல்லைன்னுட்டான். அதே ஏரியா அதே ஸ்டாருக்கு திரும்ப கேக்கணும்னா 24 மணி நேரம் காத்திருக்கணும், இல்ல புதுசா ஒரு ஏரியா சேக்கணும், இல்ல ஸ்டார கொறைக்கணும். இங்க தான் தெலுங்குப் பையனோட வித்தை. 4 ஸ்டார் ஹோட்டலே இல்லாத ஏரியா எதுன்னு முன்கூட்டியே தேடி வச்சுக்கணும், அதச் சேத்துட்டு திரும்ப பிட் போடணும். அந்த ஏரியால நம்ம கேக்குற தரத்துல ஹோட்டலே இல்ல, கேட்டத விட தரம் கொறஞ்சதையும் அவன் தர மாட்டான், அப்போ நம்ம பிட் சுத்தி வந்து டவுன்டவுன்லயே தான் விழும். ஓசில இன்னொரு சான்ஸ்! இப்படி 55, 60, 64ன்னு ஏத்தி 68ல ஒத்துக்கிட்டான். பேரு வந்த உடனே ரெண்டு பேரும் கத்துன கத்துல பக்கத்து அபார்ட்மெண்ட்ல சுவத்த தட்டுனாங்க. ஆத்தப் பாத்த ரூம், 19வது மாடி. ஆனா அன்னிக்கு ராத்திரி படுத்ததும் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா, 65க்கே குடுத்திருப்பானோ? பிட்ல ஜெயிச்சவன் எவனுக்கும் நிம்மதி கிடையாது.

எனக்கு சொந்த ஊரு மணப்பாறை. எங்க ஊரு மாட்டுச்சந்தை தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. தாத்தா மாடு வாங்கப் போகும்போது சின்ன வயசுல கூடப் போயிருக்கேன், தரகர் தோள்ல கெடக்குற துண்ட எடுத்து ரெண்டு பேரு கையையும் மூடிக்குவாரு, உள்ள விரலப் புடிச்சு தான் வெல பேசுவாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை வராது. ஏன் அப்படின்னு கேட்டதுக்கு தாத்தா சொன்னாரு, இந்த மாட்ட இவன் எவ்ளோக்கு குடுக்குறான்னு வெளிய தெரிஞ்சா அடுத்த மாட்டுக்கும் அதே வெலைக்கு தான கேப்பானுங்கன்னு. ப்ரைஸ்லைன் பண்ணது அச்சு அசல் அந்த துண்டு வேலை தான். காலியா கெடந்த ரூம அடுத்த நாள் விக்க முடியாது, சாயங்காலம் மிச்சமான மல்லிப்பூ மாதிரி அது போச்சுன்னா போச்சு. ஆனா "எங்ககிட்ட 68 டாலர்"னு ஹோட்டல்காரன் தன் பேரப் போட்டு போர்டு வச்சா, 160 குடுத்து வந்தவன் எல்லாம் சண்டைக்கு வருவான், அடுத்த மாசம் எவனும் 160 தர மாட்டான். அதனால பேர மறைச்சு விக்கிறான். நமக்கு வர்ற தள்ளுபடி சும்மா வர்ற தள்ளுபடி இல்ல, எந்த ஹோட்டல்னு தேர்ந்தெடுக்குற உரிமைய நம்ம அவன்கிட்ட வித்த காசு அது. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா எப்ப இந்த மாதிரி வாங்கணும் எப்ப வாங்கக் கூடாதுன்னு பாதி முடிவு தானா வந்துடும்.

இந்த ஐடியாவ கொண்டு வந்தது ஜே வாக்கர்னு ஒரு ஆளு, 1998ல சைட் ஆரம்பிச்சாங்க, ஸ்டார் ட்ரெக்ல கேப்டன் கிர்க்கா வந்த வில்லியம் ஷாட்னர் தான் விளம்பரத்துக்கு. ஆரம்பத்துல மெயினா ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அதுக்கப்புறம் தான் சூடு புடிச்சுது. நடுவுல ஒரு கூத்து, மளிகை சாமானுக்கும் பெட்ரோலுக்கும் கூட பிட் போடலாம்னு தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 2000ல மூடிட்டாங்க. ஒரு டப்பா கார்ன்ஃப்ளேக்ஸுக்கு உக்காந்து பிட் போட யாருக்கு பொறுமை இருக்கும் சொல்லுங்க. ஃப்ளைட்டுக்கு பிட் போடுறத 2016ல நிறுத்துனாங்க, ஹோட்டல் பிட்டும் அப்புறம் போயிடுச்சு. யூட்யூப்ல பழைய வீடியோ பாத்துட்டு இன்னும் அந்த பட்டன தேடுறவங்க இருக்காங்க, தேடாதீங்க, இல்ல.

இப்ப இருக்குறது ப்ரைஸ்லைன்ல எக்ஸ்பிரஸ் டீல்ஸ், அதே மாதிரி இன்னொரு சைட்டான ஹாட்வயர்ல ஹாட் ரேட். ரெண்டும் ஒரே ஜாதி. வெலைய அவனே சொல்லிடுறான், ஏரியா, ஸ்டார், நீச்சல் குளம் இருக்கா, பிரேக்ஃபாஸ்ட் உண்டா, தங்குனவங்க எவ்ளோ மார்க் போட்டிருக்காங்க எல்லாம் காட்டுறான், பேர மட்டும் பணம் கட்டுன பின்னாடி தான். துண்டு இன்னும் இருக்கு, நம்ம விரல தான் வெட்டிட்டான். பிட் காலத்துல எனக்கு பாதிக்குப் பாதி கெடச்சிருக்கு, இப்ப என் அனுபவத்துல 20லேர்ந்து 35 சதவீதம் கொறஞ்சா நல்ல டீல். "60 சதவீதம் வரைக்கும்"னு பெருசா போட்டிருப்பான், அந்த "வரைக்கும்" தான் முக்கியமான வார்த்தை. ப்ரைஸ்லைன்ல ப்ரைஸ்பிரேக்கர்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, மூணு ஹோட்டல் பேர காட்டிட்டு இதுல ஏதோ ஒண்ணு தருவேன்னு ஒரே வெல சொல்வான். எனக்கு இருக்குறதுலயே இது தான் ரொம்ப புடிச்சது. மூணுல மோசமான ஒண்ணு நமக்கு ஓகேவான்னு மட்டும் பாத்தா போதும், ஓகேன்னா கண்ண மூடிக்கிட்டு போடலாம், அந்த ஒண்ணு வேணாம்னா மத்த ரெண்டும் அரண்மனையா இருந்தாலும் போடாதீங்க, அது தான் வந்து விழும்.

சரி, பேர மறைச்சாலும் கண்டுபுடிக்க முடியுமான்னா, பல நேரம் முடியும். வாஷிங்டன் டிசி போறீங்கன்னு வச்சுக்குவோம். சிட்டிக்குள்ள தங்காம போடோமேக் ஆத்துக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியால க்ரிஸ்டல் சிட்டி, ரோஸ்லின் பக்கம் பாருங்க, மெட்ரோ ஏறுனா கொஞ்ச நேரத்துல மியூசியங்க கிட்ட எறங்கலாம், ஸ்மித்சோனியன் மியூசியம் எல்லாம் ஓசி தான். அந்த ஏரியா ஹோட்டல்ல வாரநாள்ல கவர்மெண்ட் வேலையா வர்றவங்க, பென்டகன் காண்ட்ராக்டருங்க தங்குவாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க கெளம்புனதும் காத்தாடும். இப்ப எக்ஸ்பிரஸ் டீல்ல 3.5 ஸ்டார், ஏர்போர்ட் ஷட்டில் உண்டு, உள்ள நீச்சல் குளம் உண்டு, ஃப்ரீ பிரேக்ஃபாஸ்ட் இல்ல, மார்க் 8க்கு மேலன்னு காட்டுதுன்னா, அதே சைட்ல இன்னொரு டேப் தொறந்து, பேரோட வர்ற சாதாரண லிஸ்ட்ல அதே ஏரியா அதே ஸ்டாருக்கு ஃபில்டர் போட்டு ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. பத்துல எட்டு கழிஞ்சுடும். மிச்சம் ரெண்டு தான், ரெண்டும் ஓகேன்னா வாங்கிடுங்க. ஒரே சைட்டுக்குள்ள தான் ஒத்துப் பாக்கணும், ஏன்னா அமெரிக்கால ஸ்டாருக்கு அரசாங்க முத்திரை எதுவும் கிடையாது, அவனவன் சைட்ல அவனவன் போட்டுக்குறது, ஒருத்தன்கிட்ட 3 இன்னொருத்தன்கிட்ட 3.5ஆ இருக்கும். மன்ஹாட்டன்ல டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் இந்த துப்பறியுற வேலை எல்லாம் பலிக்காது, ஒரே மாதிரி டஜன் கணக்குல நெருக்கி கட்டி வச்சிருக்கான். டிசில செர்ரி பூ பூக்குற மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பத்துலயும் பாச்சா பலிக்காது, எல்லா ரூமும் தானா வித்துடும், அப்ப எதுக்கு அவன் மறைச்சு விக்கணும்?

அந்த ஒரு கேள்விய வச்சே எந்த ஊருக்கு எப்ப போகலாம்னு கணக்குப் போட்டுடலாம். ரூம் எப்ப காலியா இருக்கும், அதான் கேள்வி. கலிஃபோர்னியால சாண்டா கிளாரா, சன்னிவேல் பக்கம் வாரநாள்ல கம்பெனிக்காரனுங்க, சனி ஞாயிறு சீப். லாஸ் வேகஸ் அதுக்கு நேர் தலைகீழ், ஞாயிறுலேர்ந்து வியாழன் வரைக்கும் சீப், ஆனா ஜனவரில சிஇஎஸ்ங்குற எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்குற வாரம் மட்டும் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. நியூயார்க்ல ஜனவரி, பிப்ரவரி. குளிரும், ஆனா நம்ம என்ன வெளியவா படுக்கப் போறோம். நேஷனல் பார்க்குக்குள்ள இருக்குற லாட்ஜுக்கெல்லாம் இந்த சைட்டே தேவையில்ல, அதுங்க மாசக் கணக்குல முன்னாடியே போயிடும்.

இப்ப திட்ட வேண்டியதையும் திட்டிடுறேன். வேகஸ்ல ஒரு தடவை ரூம் 39 டாலர்னு குதிச்சுக்கிட்டு போட்டேன், அங்க போய் கவுண்டர்ல நின்னா ரிசார்ட் ஃபீ ராத்திரிக்கு 45ன்னான். ரூம விட ஃபீ அதிகம். நீச்சல் குளம், வைஃபை, ஜிம்முக்காம். பிப்ரவரில நடுங்கிட்டு இருக்கேன், எனக்கு எதுக்குடா நீச்சல் குளம்? கேட்டா "கண்டிப்பா கட்டணும் சார்"னு சிரிச்ச முகமா சொல்றான். எந்த ஹோட்டல்னு சொல்லப் போறதில்ல, அன்னிக்கு அந்த தெருவுல பாதிப் பேரு அதே தான் பண்ணிட்டு இருந்தான். 2025 மே மாசத்துலேர்ந்து எஃப்டிசி, அதாவது அமெரிக்க அரசாங்கத்தோட வர்த்தக கமிஷன், போட்ட ரூல் வந்துடுச்சு, கட்டாய ஃபீ எல்லாத்தையும் சேத்து தான் முதல்லயே வெலைய காட்டணும். அதுக்கப்புறம் நெலம எவ்வளவோ பரவால்ல, ஆனாலும் டாக்ஸ் தனியா கடைசில வரலாம், நியூயார்க் சிட்டில ரூம் டாக்ஸ் மட்டும் 14.75 சதவீதம், அதுக்கு மேல ராத்திரிக்கு இத்தனைன்னு கொசுறு வேற. கடைசி பக்கத்துல இருக்குற மொத்தத்த தான் வெலைன்னு நெனைக்கணும். அதுல கூட பார்க்கிங் வராது! சிகாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ டவுன்டவுன்ல கார நிறுத்த ராத்திரிக்கு 50, 60ன்னு கேக்குறான், டீல்ல மிச்சம் புடிச்ச காசு அப்படியே கார் தூங்குறதுக்கு போயிடும். கார்ல போறீங்கன்னா ஊருக்கு வெளிய ட்ரெயின் ஸ்டேஷன் கிட்ட ஃப்ரீ பார்க்கிங் இருக்குற 3 ஸ்டார் தான் லாபம்.

அப்புறம் கெளம்ப ஏழு நாளாவது இருக்கும்போது வாங்குன ஃப்ளைட் டிக்கெட்ட 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா பணம் முழுசா வரும்னு அமெரிக்கால ஒரு ரூல் இருக்குல்ல, அத ஹோட்டலுக்கும் நெனச்சுக்கிட்டு நம்மாளுங்க நெறைய பேரு ஏமாந்து போறாங்க. ஹோட்டலுக்கு அந்த ரூல் கிடையாது. பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி தேதி, மாசம், ஊரு பேரு எல்லாத்தையும் ரெண்டு தடவை படிங்க. மாரியட், ஹில்டன் மெம்பர்ஷிப் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு நஷ்டம், இந்த மாதிரி வாங்குனா பொதுவா பாயிண்டும் வராது, தங்குன ராத்திரிக் கணக்கும் ஏறாது. வேலைக்காக மாசத்துல பத்து நாள் ஹோட்டல்ல கெடக்குறவங்க நேரா அவங்க சைட்லயே போடுங்க. மாரியட்ல வெளிய எங்கயாச்சும் பேரோட கம்மி வெல காட்டுனா அதே வெலைக்கு எறக்கி மேல 25 சதவீதம் தள்ளுபடியோ 5,000 பாயிண்ட்டோ தருவாங்க, ஆனா பேர மறைச்ச டீல கொண்டு போய் காட்டுனா செல்லாது. துண்டுக்குள்ள பேசுன வெலைய நடுச்சந்தைல சொல்லி பேரம் பேச முடியுமா?

எனக்கு நடந்த பெரிய அடி அப்பா அம்மா வந்தப்போ. நயாகரா, அமெரிக்கா சைடு, ஜூலை மாசம், எடிசன்லேர்ந்து ஏழு மணி நேரம் கார். வழக்கமா ரெண்டு குயின் பெட் ரூம் எடுத்தா நாங்க, பசங்க, பெரியவங்கன்னு எப்படியோ அடஞ்சு படுத்துடலாம், நம்ம மக்கள் எல்லாரும் பண்றது தான். பேரு தெரியாத டீல போட்டேன், வெல நல்லா இருந்துச்சு, பெட் பத்தி கீழ சின்ன எழுத்துல எழுதியிருந்தத படிக்கல. அந்த டீல்ல ரெண்டு பெரியவங்க படுக்குற ரூம் கெடைக்கும்னு மட்டும் தான் உறுதி, எத்தன பெட்டுன்னு ஹோட்டல்காரன் இஷ்டம். ராத்திரி ஒம்போதரைக்கு போய் நின்னா ஒரே ஒரு கிங் பெட். வேற ரூம் இல்ல, ஊரே ஃபுல். அம்மாவும் பசங்களும் வீட்டுக்காரம்மாவும் கட்டில்ல குறுக்கால, அப்பா சோபால, நான் கார்பெட்ல. அப்பா ஒண்ணும் சொல்லல. திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல லாட்ஜ் எடுக்கும்போது கூட சாவிய வாங்கிட்டு மேல போய் ஃபேன் ஓடுதா, குழாய்ல தண்ணி வருதா, கட்டில் எத்தனன்னு பாத்துட்டு எறங்கி வந்து தான் அட்வான்ஸ் குடுக்குற மனுஷன் அவரு. லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் இருட்டுல மெதுவா கேட்டாரு, "ஏப்பா, பேரே தெரியாமயா பணம் கட்டுன?"

தப்பு சைட்டு மேல இல்ல, நான் படிக்கல. ஆனா அதுலேர்ந்து பெரியவங்க, கைக்குழந்தை, வீல்சேர், ரெண்டு ரூமும் பக்கத்து பக்கத்துல வேணும், இதுல எது ஒண்ணு இருந்தாலும் நான் பேர மறைச்ச டீல் பக்கம் போறதில்ல. நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்னா, இல்ல நான் தனியா ஒரு வேலையா போறேன்னா, கண்ண மூடிக்கிட்டு அது தான்.

இன்னொரு சமாச்சாரம், ஆறு சைட்ட ஒப்பிட்டுப் பாத்தேன்னு பெருமையா சொல்வாங்க. ப்ரைஸ்லைன், புக்கிங் டாட் காம், அகோடா, கயாக் எல்லாம் ஒரே முதலாளி, கம்பெனி பேரையே 2018ல புக்கிங் ஹோல்டிங்ஸ்னு மாத்திட்டாங்க. ஹாட்வயர், ஹோட்டல்ஸ் டாட் காம், ஆர்பிட்ஸ், ட்ராவலாசிட்டி எல்லாம் எக்ஸ்பீடியா வீட்டுப் புள்ளைங்க. கடைசி நேரத்துக்குன்னு இருக்குற ஹோட்டல்டுநைட்ட 2019ல ஏர்பிஎன்பி வாங்கிடுச்சு, அதுல பேர மறைக்காம காட்டிடுவாங்க, அதே நாள் சாயங்காலம் ரூம் தேடும்போது எனக்கு ரெண்டு தடவை உதவியிருக்கு. அதனால ஆறு டேப் தேவையில்ல, இந்த வீட்ல ஒண்ணு, அந்த வீட்ல ஒண்ணு, ஹோட்டலோட சொந்த சைட் ஒண்ணு, மூணு போதும்.

நான் இப்ப பண்றது இது தான். தேதி முடிவான அன்னிக்கே கேன்சல் பண்ணா பணம் வர்ற மாதிரி பேரோட ஒரு ரூம போட்டு வச்சுடுவேன், கொஞ்சம் வெல கூட இருந்தாலும் பரவால்ல. அப்புறம் கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து எக்ஸ்பிரஸ் டீல், ஹாட் ரேட் ரெண்டையும் பாத்துட்டே இருப்பேன். நல்லா எறங்குச்சுன்னா அத வாங்கிட்டு பழசத் தூக்கிடுவேன். கேன்சல் பண்ண கடைசி நாள் எதுன்னு ஃபோன்ல அலாரம் வச்சுக்கணும், சில ஹோட்டல் ஒரு நாள் முன்னாடி வரைக்கும் விடுவான், சிலது மூணு நாள். ஒரு தடவை இத மறந்துட்டு ரெண்டு ஹோட்டலுக்கும் காசு கட்டுனது என் வீட்டுக்காரம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, இத அவங்க படிக்காம இருக்கணும்.

இந்த டிசம்பர்ல அப்பா அம்மா திரும்ப வராங்க, டிசி கூட்டிட்டுப் போறோம். க்ரிஸ்டல் சிட்டில பேரு, ரெண்டு குயின் பெட், ஃப்ரீ கேன்சல், எல்லாம் உறுதி பண்ணி புக் பண்ணியாச்சு, ஹோட்டலுக்கு ஃபோன் பண்ணி பெட்ட வேற ஒரு தடவை கேட்டுக்கிட்டேன். மாத்துற ஐடியா சத்தியமா கிடையாது. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மேல எல்லாரும் தூங்குனதும் எக்ஸ்பிரஸ் டீல்ஸ் பக்கத்த தொறந்து எவ்ளோ போகுதுன்னு பாத்துட்டு தான் இருக்கேன். நேத்து 94 டாலர்.